மஞ்சள் பூசிய குட்டி

ஓடைக்கரை நாவல் மரத்தில் ஒரு குரங்குக் கூட்டம் இருந்தது. அங்கே செவ்வந்தி என்ற மந்திக்குத் தலைக்குட்டி பிறந்தது. செவ்வந்தி வாயில்லாப் பூச்சி. அவளுக்கும் சேர்த்துப் பேசினாள் நாத்தனார் வெள்ளையம்மா.

அந்தக் காட்டில் எந்தக் குட்டி பிறந்தாலும் மரங்கொத்தி டாக்டரம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டுவார்கள். வெள்ளையம்மா விடவில்லை.

“ஊர்க்கண்ணு பட்டுடும். அந்த டாக்டரம்மா என்ன பண்ணுவா? ரெண்டு தட்டு தட்டிப் பார்ப்பா. அதை நான் தட்ட மாட்டேனா?”

காட்டு மஞ்சளை இழைத்துக் குட்டிக்கு முகம் முதல் பாதம் வரை அப்பினாள். அப்போதுதான் நிறம் வருமாம். வாழ்நாளெல்லாம் பூசியும் அவளுக்கே வராத நிறம்!

குட்டி பால் குடிப்பதைக் குறைத்தது. மடியில் போட்டால் உறிஞ்சாமல் தூங்கியது. எழுப்பினாலும் சுருண்டுகொண்டது.

“மதினி, பிள்ளை பாலே குடிக்க மாட்டேங்குது” என்றாள் செவ்வந்தி.

“சமத்துப் பிள்ளை, அழாம தூங்குது. கொடுத்து வச்சவ நீ. இதுக்கும் ஒரு குறையா?”

மற்ற மந்திகள் ஆமாம் போட்டன. ஆமாம் போடுவதற்கென்றே அவை அந்தக் கிளையில் உட்கார்ந்திருந்தன.

மறுநாள் மழை கொட்டியது. பூசின மஞ்சளெல்லாம் கரைந்து கிளை வழியாக ஓடியது. குட்டியின் மஞ்சள் மட்டும் போகவில்லை.

“பார்த்தீங்களாடி! நான் பூசினது உள்ளே ஊறிடுச்சு. தங்க விக்கிரகம்!” என்று குதித்தாள் வெள்ளையம்மா.

செவ்வந்தி குட்டியின் இமையை மெல்ல விலக்கினாள். வெள்ளை விழியும் மஞ்சளாக இருந்தது.

“மதினி, கண்ணுக்குள்ளேயும் நீங்கதான் பூசினீங்களா?”

  பதிலுக்குச் செவ்வந்தி காத்திருக்கவில்லை. குட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு மரத்துக்கு மரம் தாவி ஓடினாள்.

டாக்டரம்மா குட்டியின் பாதத்தை அழுத்திப் பார்த்தாள். முகம் மாறியது.

“காமாலை பாதம் வரைக்கும் வந்தாச்சு. இன்னும் விட்டிருந்தா மூளையைக் கெடுத்திருக்கும்.”

உடனே காமாலையை இறக்கும் நீல வெளிச்சம் உள்ள பொந்தில் குட்டியைப் படுக்க வைத்தாள். எழுப்பி எழுப்பிப் பால் கொடுக்கச் சொன்னாள்.

பின்னாலேயே வந்து சேர்ந்த வெள்ளையம்மா, “யாரோ கண்ணு வச்சுட்டாங்க” என்று மூக்கை உறிஞ்சினாள்.

“ஊர்க்கண்ணுக்குப் பயந்தீங்க. பிள்ளையோட கண்ணை நீங்க பார்க்கலையே” என்றாள் டாக்டரம்மா.

சில நாளில் மஞ்சள் இறங்கியது. குட்டி பசி எடுத்தால் காடே அதிர அழுதது. நாவல் மரத்துக்குத் திரும்பியதும் வெள்ளையம்மா முகத்தைச் சுளித்தாள்.

“இருந்த நிறமும் போச்சு. இருந்த சமத்தும் போச்சு.”

“போகட்டும் மதினி, பிள்ளை இருக்குல்ல” என்று சொல்லிவிட்டு, செவ்வந்தி குட்டிக்குப் பால் கொடுக்கத் திரும்பி உட்கார்ந்தாள்.

பிறந்த குழந்தை மஞ்சளாகி, பால் குடிக்காமல் தூங்கியே கிடந்தால், அழகு என்றும் சமத்து என்றும் மெச்சிக்கொண்டிருக்காமல் அப்போதே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.