பண்டிதருக்குப் பத்தியச் சோறு

முன்னொரு காலத்தில், எந்த ஊர் என்று கேட்காதீர்கள், ஒரு ராஜாவுக்குத் திடீரென்று ஓர் ஆசை வந்தது. "ராணி உண்டாகியிருக்கா. பிள்ளைப்பேறு பத்தி ஒரு நூல் வேணும். எழுதுறவருக்கு என் முத்துமாலை!"

விகடகவி உத்தண்டி ஊருக்குள் போய்ப் பிள்ளை பெற்றவர்களிடம் கேட்டான். அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே எழுதி, கீழே அவரவர் பெயரையும் போட்டான்.

தலைமைப் பண்டிதர் சிற்சபேசருக்கு வயிறு எரிந்தது. ராஜா உத்தண்டியைப் பார்த்துச் சிரித்தாலே அவருக்குச் சோறு இறங்காது. இப்போது மாலையும் அவனுக்கா? உத்தண்டி சுவடியாகக் கோக்கக் கொடுத்திருந்த ஏடுகளை, கோக்கிறவனிடமிருந்து ரகசியமாக வாங்கி, ஓர் ஆளிடம் நீட்டினார்.

"பேரையெல்லாம் விட்டுட்டு மத்ததை அப்படியே எழுதுப்பா. முடிச்சதும் ஏட்டைத் திருப்பிக் குடுத்துடு."

நகலைப் படித்துக்கூடப் பார்க்கவில்லை. முந்திக்கொண்டு சபையில் கொடுத்துவிட்டார். பின்னாலேயே உத்தண்டி தன் சுவடியோடு வந்தான்.

"திருடன்! மகாராஜா, இது என்னோட நூல். நடுவுல கண்டவங்க பேரைச் செருகிட்டு வந்திருக்கான்!" என்று கத்தினார் பண்டிதர்.

"அந்தப் பேருக்காரங்களையே கூப்பிட்டுக் கேளுங்க மகாராஜா" என்றான் உத்தண்டி.

"காசு குடுத்தா யாரும் வந்து சொல்லுவாங்க" என்றார் பண்டிதர்.

ராஜாவுக்குக் கோபம் வந்தது. "சாட்சியே வேண்டாம். உத்தண்டி, பண்டிதர் சுவடியை மட்டும் வச்சு நிரூபி. முடியலைன்னா இன்னிக்கே நாட்டை விட்டுப் போயிடணும்."

உத்தண்டி அதைப் புரட்டினான். சட்டென்று பண்டிதர் காலில் விழுந்தான்.

"ஒவ்வொரு எழுத்தும் ஐயாவோடதுதானே?"

பண்டிதருக்கு முகமெல்லாம் பல். "ஒவ்வொரு எழுத்தும்! எல்லாம் என் சொந்த அனுபவம்!"

"யாரங்கே! மருத்துவச்சியைக் கூப்பிடுங்க. ஐயாவுக்குப் பாயை விரிங்க!"

"என்னடா உளர்றே?" என்றார் ராஜா.

"ஐயாவே எழுதியிருக்கார் மகாராஜா. 'எட்டுப் பிள்ளை பெற்றேன். என் வீட்டுக்காரர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. போன வாரம் ஒன்பதாவது பிறந்தது. இன்னும் இடுப்பு வலி நிற்கவில்லை.' என் ஏட்டுல இதுக்குக் கீழே 'பேச்சாயி சொன்னது'ன்னு இருக்கும். இங்கே இல்லை. அப்போ பெத்தது ஐயாதான். பச்சை உடம்புக்காரர் இப்படி நிக்கலாமா?"

"வீட்டுக்காரர் யாருங்க ஐயா?" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

பண்டிதர் சுவடியைப் பிடுங்கி, முதல் தடவையாகப் படித்துப் பார்த்தார்.

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் நழுவியது. மாலையைக் கழற்றி உத்தண்டிக்குப் போட்டார். "பண்டிதரே, ராணிக்குப் பிள்ளை பிறக்கிற வரைக்கும் உமக்கும் பத்தியச் சோறுதான்!"

உத்தண்டி மாலையை அவிழ்த்து, சுவடியில் பெயர் இருந்தவர்களுக்கெல்லாம் முத்துக்களைக் கொடுத்தான். மிச்சத்தைத் தான் கோத்துப் போட்டுக்கொண்டான்.

பண்டிதர் காரமில்லாத பூண்டுக் குழம்பை விழுங்கிக்கொண்டே பரிமாறுகிறவனிடம் மெதுவாகக் கேட்டாராம்: "அவனுக்கு எத்தனை முத்துப்பா மிச்சம்?"