நிற்க இடமில்லாத வகுப்பு

கணினி வகுப்பில் சேர, பேராசிரியர் தாமோதரனின் கையெழுத்து வேண்டும். அதற்கு அன்றுதான் கடைசி நாள். கிடைக்காவிட்டால் எசக்கிராஜ் மறுபடியும் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கும் வேலைக்குத்தான் போகவேண்டும்.

"அறுபது பேரும் சேர்ந்தாச்சு. நிற்கக்கூட இடமில்லை, போடா!" என்று விரட்டினார் பேராசிரியர். படித்த மனுஷர் பேசிய பேச்சு அது.

எசக்கிராஜ் நேரே கல்லூரி முதல்வரிடம் போனான். "ஒரு நடை வந்து பாருங்கய்யா" என்று கும்பிட்டு அழைத்து வந்தான். அவரை வாசலில் நிறுத்திவிட்டு, தான் மட்டும் பின்கதவு வழியாக வகுப்புக்குள் நுழைந்தான்.

பேராசிரியர் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பெயர் கூப்பிடும்போது தலை நிமிர்வதும், முடித்தபின் கரும்பலகையைவிட்டுத் திரும்புவதும் அவருக்குக் கௌரவக் குறைச்சல். வந்திருந்த பத்துப் பன்னிரண்டு பேர், வராத கூட்டாளிகளுக்கும் சேர்த்து, குரலை மாற்றி மாற்றி "உள்ளேன் ஐயா" சொன்னார்கள்.

"அறுபதும் ஆஜர்!" என்று பேராசிரியர் பெருமையாகச் சொன்னபோது பெரிய குறட்டைச் சத்தம் கேட்டது. நிமிர்ந்தார். நடு பெஞ்சில் எசக்கிராஜ் காலை நீட்டிப் படுத்திருந்தான்.

"என்ன கொழுப்புடா உனக்கு? வகுப்பிலேயே படுக்கிறாயா?"

"நிற்க இடமில்லைன்னு நீங்கதானே சொன்னீங்க ஐயா? அதான் படுத்துட்டேன்."

வாசலில் முதல்வர் சிரித்த சிரிப்பில், பேராசிரியர் தானாகவே பேனா மூடியைத் திறந்தார்.