சௌந்தரம் பேருக்கு ஒரு காபி

"செத்துப்போனவங்க காபி குடிப்பாங்களாங்கம்மா?" என்று அங்கமுத்து கேட்டபோது, அகிலாண்டம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

கோவை சிங்காநல்லூரில் அகிலாண்டம்மாவைத் தெரியாதவர்கள் குறைவு. வயசென்னவோ நாற்பத்திரண்டுதான். காவி கிடையாது, மடம் கிடையாது. கேட்டதற்கு ஒரு வார்த்தை சொல்வார். சில நாள் அதுவும் சொல்லமாட்டார். அங்கமுத்துவுக்கு அறுபத்தொன்று, மில்லில் மேஸ்திரியாக அதட்டி உருட்டிவிட்டு ஓய்வுபெற்ற மனுஷர். ஆனாலும் அவர்தான் சீடர். மூன்று வருஷமாக அம்மா வீட்டு வாசலைக் கூட்டி, தொட்டியில் தண்ணீர் நிரப்பிவிட்டுப் போகிறவர். பத்து நாளாக ஆளைக் காணோம். இன்றைக்கு வந்தவர் துரும்பாக இளைத்திருந்தார்.

"உக்காருங்க. யார் குடிக்கறாங்க?"

"எம் பொஞ்சாதிங்க."

அவர் மனைவி சௌந்தரம் போய்ச் சேர்ந்து எட்டு மாசம் ஆகிறது. அகிலாண்டம்மா கீரைத் தட்டை ஒதுக்கி வைத்தார்.

"எங்க குடிக்கறாங்க?"

"திருச்சி ரோட்டுல அந்த ஏசி காபிக் கடைங்க. ஊரெல்லாம் அதே கடைதானுங்களே. எங்க போனாலும் அதே நாற்காலி, அதே ருசி. அவ போனதுக்கப்புறம் நான் அங்கதான் குடிக்கறேனுங்க. அங்க பேர் கேட்பாங்க. டம்ளர் மேல எழுதி, காபி தயாரானதும் கத்திக் கூப்பிடுவாங்க."

"சரி."

"மொத நாள் பேரென்னன்னு கேட்டாங்க. சௌந்தரம்னு வாயில வந்துபோச்சு. எழுதிக்கிட்டாங்க. கொஞ்ச நேரத்துல அந்தப் புள்ள 'சௌந்தரம்! சௌந்தரம்!'னு சத்தமா கூப்பிட்டுது பாருங்க, எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போச்சு. அன்னியிலிருந்து தினமும் அதே பேர்தானுங்க."

"வீட்டுல அவங்களை எப்படிக் கூப்பிடுவீங்க?"

"'இந்தா'ன்னு கூப்பிடுவேனுங்க."

அங்கமுத்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பத்து நாளைக்கு முந்தி பேரைக் கூப்பிட்டாங்க. எந்திரிச்சுப் போறேன், டம்ளரைக் காணோம். 'இப்பத்தானே சார் அந்தம்மா வாங்கிட்டுப் போனாங்க'ங்குது அந்தப் புள்ள. எந்தம்மான்னேன். 'அரக்குச் சேலை, தலை ஈரம் சொட்டுச்சு'ன்னா."

சௌந்தரத்தைக் கடைசியாகக் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, அரக்குச் சேலை சுற்றித்தான் எடுத்துப் போனார்கள்.

"மறுநாள் காந்திபுரத்துக் கடைக்குப் போனேன். அங்கயும் அதே பதில். அதுக்கு மறுநாள் ஆர்.எஸ்.புரம். அங்க மூலை மேசையில டம்ளர் இருந்துச்சு. காலி. தொட்டா சூடு ஆறல. சுத்தியும் மஞ்சள் விரல் ரேகைங்க."

வெயில் நல்லாவே அடித்துக்கொண்டிருந்தது. இருந்தும் அகிலாண்டம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"பயந்துட்டீங்களா?"

"பயமெல்லாம் எப்பவோ போயிருச்சுங்க. கோவந்தான் வருது. வீட்டுல பின்கதவைத் தாழ் போடாம வெச்சிருக்கேன். போட்டோவுக்கு நித்தம் பூ வாங்கிப் போடறேன். முப்பத்தோரு வருஷம் இருந்த வீடு. அங்க வரமாட்டேங்கறா, கண்ட கடைக்குப் போறா. ஒரே ஒருவாட்டி மூஞ்சியைப் பார்த்தாப் போதும்னு கடை திறக்கறப்ப போய் உக்காந்து சாத்தறப்பதான் எந்திரிக்கறேன். சோறு இறங்கல. இப்படியே நானும் போயிருவேனாட்டம் இருக்குதுங்கம்மா. அவ ஏன் வீட்டுக்கு வரமாட்டேங்கறா?"

"உங்க வீட்டு ஃபில்டரை எடுத்துட்டு வாங்க" என்றார் அகிலாண்டம்மா.

போய் எடுத்து வந்தார். பித்தளை ஃபில்டர். மேல் பாத்திரமும் கீழ்ப் பாத்திரமும் இறுகிப்போயிருந்தன. மில் மேஸ்திரி கை, முறுக்கு முறுக்கென்று முறுக்கியும் அசையவில்லை. அம்மா வாங்கி அடுப்புச் சூட்டில் காட்டித் தட்டினார், கழன்றது. உள்ளே சௌந்தரம் கடைசிக் காலையில் போட்ட பொடி, பூசணம் பூத்துக் காய்ந்து கிடந்தது.

"எட்டு மாசமா கழுவலையா?"

"தொடவே இல்லீங்க."

அம்மா பூசணத்தைக் கொட்டிக் கழுவி, அடைத்த ஓட்டைகளைத் தணலில் காட்டிச் சுத்தம் செய்து நீட்டினார். "பொடி போடுங்க."

"எத்தனை கரண்டிங்க?"

"உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாதுங்க."

"முப்பத்தோரு வருஷத்துல ஒரு தடவைகூடப் போட்டதில்லையா?"

"அவ காய்ச்சலாப் படுத்திருந்தாக்கூட எந்திரிச்சுப் போட்டுருவாளுங்க. நான்தான் குறை சொல்வேன். ஒரு நாள் கசக்கும், ஒரு நாள் தண்ணியாட்டம் இருக்கும், ஒரு நாள் அமிர்தமாட்டம் இருக்கும். தினமும் ஒரே மாதிரி போடத் தெரியாதான்னு கத்துவேன். கடையில அந்தத் தொல்லையே இல்லீங்க."

குத்துமதிப்பாக மூன்று கரண்டி போட்டார். கொதிக்கிற தண்ணீரை ஒரேயடியாகக் கொட்டி, கையைச் சுட்டுக்கொண்டு, "ஐயோ!" என்றார். மூடியை வைத்தார்.

டிகாக்ஷன் இறங்கக் காத்திருந்தார்கள். சொட்டு. அப்புறம் வெகுநேரம் கழித்து இன்னொரு சொட்டு. அந்தச் சத்தத்துக்கு நடுவே, கொல்லைப்புறத்தில் யாரோ ஈரச் சேலையை உதறுகிற மாதிரி கேட்டது. அங்கமுத்து எட்டிப் பார்த்தார். கொடியில் ஒன்றுமில்லை. அம்மா திரும்பியே பார்க்கவில்லை.

"பாலைக் காய்ச்சுங்க" என்றார். "ரெண்டு டம்ளர்ல ஊத்துங்க."

ஊற்றினார். ஒன்றை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "கசக்குதுங்க."

இன்னொரு டம்ளரை அம்மா எடுக்கவில்லை. அது தரையில் ஆவி பறக்க நின்றது. அங்கமுத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் பொறுக்கமாட்டாமல் கேட்டார்.

"நான் கேட்டதுக்குப் பதிலே சொல்லலீங்களேம்மா. கடைக்குப் போறவ வீட்டுக்கு ஏன் வரமாட்டேங்கறா?"

அகிலாண்டம்மா கீரைத் தட்டை மறுபடி இழுத்து வைத்துக்கொண்டார்.

"அங்க அவங்களுக்குன்னு ஒரு காபி போட்டு, பேர் சொல்லிக் கூப்பிடறாங்க."