அடைபடாத கீழ்வாசல்

ஓடையின் தென்கரையில் சடையன் என்றொரு எலித் தலைவன் இருந்தான். பாம்பென்றால் அவனுக்குக் குலை நடுங்கும். வளைவாயை உள்ளிருந்து மண்ணால் அடைக்கும் வித்தையை மேல்வளைக் குஞ்சுகளுக்கு ஓயாமல் கற்றுக்கொடுத்தான். கூலி எலிகள் குடியிருந்த கீழ்வளைக் குஞ்சுகளுக்கு? அவற்றுக்குக் கதிர் சுமக்கவே பொழுது சரியாக இருந்தது!

"எந்தக் கரை கெட்டிக்காரக் கரைன்னு பாத்துடலாம்!" என்று வளையடைக்கும் போட்டிக்கு வடகரை எலிகளுக்குச் சவால் விட்டான்.

வடகரைத் தலைவி, கண்ணில் பட்ட ஏதோ ஒரு குஞ்சைக் கூட்டிக்கொண்டு வந்தாள். சடையன் தன் மகள் வீரியை இறக்கினான். அது மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போதே இவள் வளைவாயை அடைத்து முடித்துவிட்டாள். சடையனுக்குத் தலைகால் புரியவில்லை.

"உங்க கீழ்வளைப் பிள்ளைங்களும் அடைப்பாங்களா அண்ணே?" என்று கேட்டாள் அந்தத் தலைவி.

"தோத்துட்டு வாயைப் பாரு! எங்க வீரியைப் பாரும்மா!"

அன்று சாயங்காலமே சாரைப்பாம்பு வந்தது. முதலில் வடகரைக்குத்தான் போனது. அங்கே கோணல்மாணலாக இருந்தாலும் எல்லா வாசலும் அடைபட்டிருந்தது. பாம்பு ஓடையை நீந்தி இந்தப் பக்கம் வந்தது.

"பாம்பு! பாம்பு!"

வீரி மேல்வாசலை இறுக்கி அடைத்தாள். சடையனுக்கு உயிர் வந்தது. அப்புறம்தான் கீழ்வாசல் ஞாபகம் வந்தது. உள்ளே எல்லா வளையும் ஒன்றுதானே! கீழே ஓடினான்.

கீழ்வாசலில் காத்தான் என்ற சுமைகூலி எலி செய்வதறியாமல் நின்றான்.

"அடைடா! சீக்கிரம் அடைடா!"

"எப்படிங்க அடைக்கிறது? எனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

காத்தான் அள்ளிப் போட்ட மண்ணெல்லாம் பொலபொலவென்று உதிர்ந்தது. சடையன் கை வைப்பதற்குள் பாம்பின் தலை உள்ளே நுழைந்துவிட்டது! இருவரும் பக்கத்துப் பொந்தில் ஒடுங்கினார்கள். சரசரவென்ற சத்தம் அவர்களைத் தாண்டி மேலே போனது. மேலே வீரி இருந்தாள்.

"வீரி! வாசலைத் தோண்டு! வெளியே ஓடிடு!" என்று அலறினான் சடையன்.

"முடியலையே அப்பா! இறுகிப் போச்சே!"

அதற்குப் பிறகு அவள் குரல் கேட்கவில்லை.

பாம்பு போனபின் சடையன் மேலே ஏறிப் பார்த்தான். மேல்வாசல் மண்ணில் வீரியின் நகக்கீறல்கள் இருந்தன. அவள் போட்ட அடைப்பு அப்படியே இருந்தது. பாவி, அங்கேயே விழுந்து கதறினான். மறுநாள் காத்தானின் குஞ்சுகளைத் தானே போய்க் கூப்பிட்டு, அழுதுகொண்டே மண் பிசைந்து வாசலை அடைக்கக் கற்றுக்கொடுத்தான்.

ஊரோடு ஊரை ஒப்பிடுகிறவர்கள் அங்கே நன்றாகக் கற்றவனை அல்ல, கற்பிக்காமல் விடப்பட்டவனைத்தான் பார்க்க வேண்டும்; அவனைக் கைவிட்ட ஊரில் கற்றவனுக்கும் காப்பில்லை.