நெற்றிக்காசு

சீடருக்கு வயது அறுபத்து நான்கு. குருவுக்கு முப்பத்தொன்று.

தெய்வசிகாமணி தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவர். நாணயம் சேகரிப்போர் சங்கத்தில் பர்வீனிடம் காசுகளை ஸ்கேன் செய்யக் கற்றுக்கொண்டிருந்தார். ஸ்கேனர் கண்ணாடியின் மேல் காசைக் கவிழ்த்து வைத்துவிட்டு, படம் எவ்வளவு நுணுக்கமாக விழவேண்டும் என்று அவர் கேட்பது ஒரே கேள்வி.

"எவ்வளவு டிபிஐ வைக்கணும் டீச்சர்?"

பர்வீன் திருப்பிக் கேட்பதும் ஒன்றேதான். "யாருக்கு சார்?"

சும்மா சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போடுவதென்றால் முந்நூறு போதும் என்பாள். எழுத்தைப் படிக்கிறவருக்கு அறுநூறு. போலியா என்று சந்தேகப்படுகிறவருக்கு ஆயிரத்து இருநூறு. ஆளைக் கேட்காமல் அவள் அளவு சொன்னதாகச் சரித்திரமே கிடையாது. நேராக ஓர் எண்ணைச் சொல்லித் தொலைத்தால் என்ன என்று அவர் மனதுக்குள் முணுமுணுப்பதுண்டு.

அந்த வியாழக்கிழமை அவர் மடித்த காகிதம் ஒன்றைப் பிரித்தார். உள்ளே சாதாரண ஒரு ரூபாய்.

"இது எந்தக் கடையிலயும் கிடைக்குமே சார்?"

"என் வீட்டுக்காரி நெத்தியில வச்சது. சுடுகாட்டுல எடுத்து என் கையில குடுத்தாங்க."

பர்வீன் நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள்.

"துடைக்கலையே?"

"இல்ல."

"யாருக்கு சார்?"

"மகளுக்கு."

அவர் தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார். சுகந்தி கனடாவில் இருக்கிறாள். அம்மா போன அன்று, 'ரெண்டே நாள் ஐஸ் பெட்டியில வையுங்கப்பா, வந்துடறேன்' என்று போனில் கெஞ்சினாள். காத்திருக்க வேண்டாம் என்று சொந்தக்காரர்கள் நெருக்கினார்கள். அவர் தலையாட்டிவிட்டார். மறுநாள் காலையிலேயே எடுத்துவிட்டார்கள். சுகந்தி விமானம் ஏறவே இல்லை. எட்டு மாதமாகப் பேச்சும் இல்லை. நேற்றுதான் ஒரு வரி வந்தது: 'அம்மா நெத்திக்காசு இருக்காப்பா? காட்டுங்க.'

பர்வீன் முதலில் முந்நூறு வைத்தாள். திரையில் ஒரு ரூபாய் வந்தது, அவ்வளவுதான்.

பிறகு இரண்டாயிரத்து நானூறு வைத்தாள். விளக்கு அங்குலம் அங்குலமாக ஊர்ந்தது. காய்ந்து வெடித்த சந்தனம் தெரிந்தது. குங்குமத் துகள் தெரிந்தது. அதில் ஒட்டிக்கொண்டு, புருவத்தின் நரைமுடி ஒன்று.

தெய்வசிகாமணி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"சின்னதையே அனுப்பிடலாம் டீச்சர். இதைப் பார்த்தா அவ தாங்கமாட்டா."

"சின்னதை அனுப்பினா என்ன பண்ணுவாங்க?"

"விரலால பெரிசு பண்ணிப் பார்ப்பா."

"எதுவரைக்கும்?"

அவர் திரையின் பக்கம் திரும்பினார்.

"அவ அம்மா முகம் தெரியற வரைக்கும்."

பர்வீன் பெரிய படத்தையே அவர் போனுக்கு மாற்றினாள்.

"போட்டோவா அனுப்பாதீங்க சார், சுருங்கிடும். டாக்குமெண்டா அனுப்புங்க."

போனை வாங்காமல் அவர் அவளையே பார்த்தார். அவள் அதை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"முகம் எந்த அளவுலயும் தெரியாது சார். அதை அவங்களே கடைசிவரைக்கும் பார்த்துத் தெரிஞ்சுக்கட்டும். இந்தத் தடவையும் அவங்களுக்காக நீங்க முடிவு பண்ணிடாதீங்க."