எழுந்துபோன ராஜா

மலையெல்லாம் இன்னும் வளர்ந்துகொண்டிருந்த காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது கொடுமுளை நாட்டை மழவராயன் என்று ஒரு ராஜா ஆண்டான். நல்லவன்தான். மானம் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி.

அந்த நாட்டில் ஒரு வழக்கம். அறுப்பு முடிந்ததும் ஒரு நாள், ராஜா விடியலில் சிம்மாசனத்தில் உட்கார வேண்டும். விளக்கு வைக்கும்வரை எழுந்திருக்கக் கூடாது. ஊர் ஊராகக் குடிக்க ஏதாவது கொண்டுவருவார்கள். அத்தனையும் குடிக்க வேண்டும். நடுவில் எழுந்தால் பட்டம் போச்சு. காலியான சிம்மாசனத்தில் எவன் ஏறி, விளக்கு வரும்வரை இருக்கிறானோ அவனே ராஜா.

ராணிக்கு ஒரு தம்பி, கூத்தப்பன். அவனுக்குப் பட்டத்தின்மேல் ஒரு கண். அன்றைக்கு விடியலிலேயே வந்து சிம்மாசனத்தை ஒட்டி நின்றவன், அந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

இளநீர் வந்தது. "பாதியில் வைத்தால் ஊர் மனசு நோகும், அத்தான்" என்றான். ராஜா முழுசும் குடித்தான். பானகம் வந்தது. "துணைக்கு நானும் குடிக்கிறேன், அத்தான்" என்றான். இருவரும் குடித்தார்கள். நீர்மோர் வந்தது. அதுவும் அப்படியே.

உச்சிவேளையில் ராஜாவுக்கு முட்டியது. காலைச் சேர்த்து வைத்துக்கொண்டான். வெயில் சாய்ந்தபோது மறுபடி முட்டியது. முதுகு வியர்த்தது. அப்புறம் முட்டியபோது அடிவயிறு கல்லாகிவிட்டது. எதிரில் நின்றவன் இரண்டு பேராகத் தெரிந்தான்.

ராணி முத்தாயி அருகில் வந்தாள். "எழுந்து போங்க."

"போனால் பட்டம் போயிடும்."

"உங்கப்பாவும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தார். நீர்க்கட்டு வந்தது, குளிர்ஜுரம் வந்தது. நானும் நெருஞ்சில் கஷாயம் காய்ச்சிக் காய்ச்சிக் கொடுத்தேன். பட்டத்தோடதான் போய்ச் சேர்ந்தார்."

"ராஜா கொல்லைக்குப் போனான்னு ஊர் பேசுமே."

"ஊர்ல யார் போகாம இருக்காங்க?"

ராஜா யோசித்தான். உடம்பு அதிக அவகாசம் கொடுக்கவில்லை. கிரீடத்தைக் கழற்றி ராணி கையில் கொடுத்தான். சபை பார்க்க எழுந்தான். ஆமணக்குச் செடிக்குப் பின்னால் போனான்.

கூத்தப்பன் ஏறி உட்கார்ந்தான்.

ராஜா திரும்பி வர நேரமானது. வந்தபோது முகம் தெளிந்திருந்தது. ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றான்.

"சௌகரியமா இருக்கா, மச்சான்?"

கூத்தப்பன் நெளிந்தான். சமயம் தப்பிவிடும் என்று விடிந்ததிலிருந்து அவனும் எதற்கும் போகவில்லை. அந்த நேரம் பார்த்து இன்னொரு ஊரார் கரும்புச்சாறு கொண்டுவந்தார்கள்.

"ராஜா யாரோ அவர் குடிக்கணும்" என்றார்கள்.

குடித்தான்.

"பொழுது இன்னும் இருக்கு, மச்சான். நிதானமா உட்காரு."

கூத்தப்பன் காலைச் சேர்த்தான். பல்லைக் கடித்தான். அப்புறம் இறங்கி ஓடினான். ஆமணக்குவரை போய்ச் சேர்ந்தானா என்பது பற்றிச் சபையில் யாரும் கேட்கவில்லை. மரியாதை தெரிந்த சபை.

மழவராயன் மறுபடி ஏறி உட்கார்ந்தான். விளக்கு வந்தது. மறுவருஷம் சிம்மாசனத்துக்குப் பின்னால், கொல்லைப்பக்கம், ஒரு கதவு வைத்தார்கள்.

ஆகையால் சொல்கிறேன்: வந்த மூத்திரத்தை மானத்துக்காகவும் அடக்காதீர்கள், பதவிக்காகவும் அடக்காதீர்கள்.