குறட்டையைக் கேட்ட புலவர்

காது உள்ளவர்கள் எல்லாரும் கேளுங்கள். வாய் உள்ளவர்கள் கதை முடிந்த பிறகு கேளுங்கள்.

ஏரிகளுக்கெல்லாம் பெயர் வைத்துவிட்டு, மனிதர்களில் பாதிப் பேருக்குப் பெயர் வைக்க மறந்துபோன ஒரு காலம் இருந்தது. அந்தக் காலத்தில் கடம்பவாயில் என்ற நகரை ஓர் அரசன் ஆண்டான். அவனுக்குப் பெயர் உண்டு. ஆனால் பட்டங்களோடு சேர்த்துச் சொல்லி முடிப்பதற்குள் உலையில் வைத்த சோறு குழைந்துவிடும். ஆகவே அரசன் என்றே சொல்வோம்.

அந்த அரசனிடம் ஒரு வழக்கம் இருந்தது. யாராவது புதிய நூல் ஒன்றை எழுதிக் கொண்டுவந்தால், மூன்று நாள், நாளுக்கு ஒரு கேள்வி கேட்பான். மூன்றில் ஒன்றுக்குச் சரியான விடை வந்தாலும் போதும். நூலைப் படியெடுத்து நாட்டிலுள்ள பள்ளிகளுக்கெல்லாம் அனுப்புவான். மூன்றும் தவறினால், எழுதியவரே தம் கையால் நூலை ஆற்றில் விட்டுவிட்டு ஊர் போய்ச் சேர வேண்டும்.

தாழையூரில் கண்டனார் என்றொரு புலவர் இருந்தார். சொற்களுக்குப் பொருள் சொல்லும் நிகண்டு ஒன்றைப் பதினெட்டு ஆண்டுகளாக எழுதினார். யானைக்கு எத்தனை பெயர், யானையின் கட்டுக்கயிற்றுக்கு எத்தனை பெயர், அந்தக் கயிறு அறுந்தால் அந்த ஓசைக்கு என்ன பெயர் என்றெல்லாம் அதில் இருந்தது. கயிறு அறுந்தபின் ஓடுகிறவர்களுக்கு மட்டும் பெயர் இல்லை. அவர்கள் நின்று சொல்லிவிட்டுப் போகவில்லை.

கண்டனாருக்கு ஒரு பெருமை இருந்தது. அவர் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. வழி தெரியாவிட்டால் கேட்கமாட்டார், மூன்று ஊர் சுற்றி வருவார். சாப்பாட்டில் உப்பு இல்லாவிட்டால் கேட்கமாட்டார், உப்பில்லாமலே உண்பார். மற்றப் புலவர்கள் அரசர்களிடம் பொன் கேட்டார்கள், குதிரை கேட்டார்கள். கிடைக்காதபோது கோபித்துக்கொண்டு பாட்டும் பாடினார்கள். கண்டனாருக்கு அது இழிவாகத் தோன்றியது. கடம்பவாயிலுக்கு வந்தபோதும், "கொடுக்க வந்திருக்கிறேன், எதையும் கேட்க வரவில்லை" என்று வாயிற்காவலனிடமே சொல்லிவிட்டார். காவலன் அதையும் கேட்டிருக்கவில்லை.

அப்போது அரசனின் விருந்தினர் கூடங்களுக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரே ஒரு கூடம்தான் காலியாக இருந்தது. அதிலும் ஒரு பக்கத்தில் ஏற்கெனவே ஓர் ஆள் பாய் விரித்திருந்தார். அரசனின் பெரிய ஏரியில் மதகுக் கல் சேற்றில் புதைந்து திறக்காமல் போனதால், நீருக்கடியில் இறங்கி அதைச் சரிசெய்வதற்காகக் கடற்கரையிலிருந்து வரவழைத்த முத்துக்குளிப்பவர் அவர். கதவை அடைக்கும் அளவுக்கு அகலமான மார்பு. சிரித்த முகம். புலவரைக் கண்டதும் எழுந்து நின்று கும்பிட்டு, காற்று வரும் பக்கத்தை அவருக்கு விட்டுக்கொடுத்தார்.

கண்டனார் தலையசைத்துவிட்டுப் படுத்தார். அவர் பெயரைக் கேட்கவில்லை.

இனிமேல்தான் கதை. நீருக்கடியில் வேலை செய்கிறவர் பகலெல்லாம் மூச்சை அடக்குகிறார். அடக்கிய மூச்சு எங்கே போகும்? அது இரவில் வெளியே வந்தது. முதலில் அம்மி அரைப்பதுபோல் வந்தது. பிறகு மரம் அறுப்பதுபோல் வந்தது. அதற்கும் பிறகு வந்ததற்குப் பதினெட்டு ஆண்டு உழைத்த நிகண்டிலும் பெயர் இல்லை. கூரையிலிருந்த பல்லி முதல் இரவே குடிபெயர்ந்தது. புலவருக்குத்தான் போக இடமில்லை.

பெயர்தான் கண்டனார், அந்த ஊரில் அவருக்கு வாய்த்ததெல்லாம் கேட்பது.

முதல் கேள்விக்கு ஐந்து நாள் இருந்தது. தூங்காத மூளை சொற்களைப் பிடித்து வைக்காது என்பது அவருக்குத் தெரியும். அவர் மூன்று வழிகளைக் கையாண்டார்.

முதல் வழி, காதில் இலவம்பஞ்சு. குறட்டை நின்றதோ இல்லையோ, தம் நெஞ்சு அடித்துக்கொள்வது அவருக்குப் பறைபோல் கேட்டது. அதை எண்ணிக்கொண்டே விடிந்தது.

இரண்டாம் வழி, தம் நிகண்டை உரக்க ஓதி அந்த ஆளை எழுப்பிவிடுவது. நீரின் பெயர்கள் அத்தனையையும் தொண்டை வறளச் சொன்னார். தாலாட்டுக் கேட்ட குழந்தைபோல முத்துக்குளிப்பவர் இன்னும் ஆழ்ந்து தூங்கினார். ஆழத்துக்கு ஏற்றபடி குறட்டையும் வளர்ந்தது. காலையில் எழுந்து, "உங்கள் பாட்டைக் கேட்டுக்கொண்டு படுத்தால் நல்ல தூக்கம் வருகிறது புலவரே. தினமும் பாடுங்கள்" என்றார்.

மூன்றாம் வழி, கவிதை. இரவில் ஊரை அலறவைக்கும் மூக்கு ஒன்றைப் பழித்து நான்கு அடியில் ஒரு வெண்பா எழுதி, கூடத்துத் தூணில் கட்டித் தொங்கவிட்டார். வெண்பாவில் தளை தட்டவில்லை. அந்தத் திருப்தியாவது கிடைத்தது. முத்துக்குளிப்பவர் ஓலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். தமக்கு எழுத்துத் தெரியாது, அதில் என்ன இருக்கிறது என்று அடக்கமாகக் கேட்டார். புலவர் அவர் முகத்தைப் பார்த்தார். வாயைத் திறந்தார்.

"கடலின் பெருமை" என்றார்.

அன்று மாலை, கடலைப் பாடியவருக்காக என்று ஒரு மடி நிறையத் தாமரைக்கிழங்கு கொண்டுவந்து கொடுத்தார் அந்த மனிதர். இனிமேல் அவரை எப்படிக் கடிந்துகொள்வது? கிழங்கு வேறு நன்றாக இருந்தது.

ஐந்து நாளும் போயிற்று. முதல் நாள் அவையில், யானையின் பெயர்களைச் சொல்லும்படி அரசன் கேட்டான். தாழையூரில் குழந்தைகளும் சொல்லும் விடை. கண்டனார் கண்ணை மூடிக்கொண்டு தொடங்கினார்.

"களிறு, வேழம், கைம்மா, கரி, கோரைப்பாய், தலையணை."

அவை ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. முதல் கேள்வி போயிற்று.

இரண்டாம் நாள், கடலின் பெயர்களைக் கேட்டான் அரசன். கண்டனார் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆழி என்றார், பரவை என்றார், முந்நீர் என்றார், அளக்கர் என்றார். அடுத்து வந்தது சொல் அல்ல. தூணில் சாய்ந்தபடியே, நிறைந்த அவையின் நடுவில், புலவர் குறட்டை விட்டார்.

அரசன் சிறிது நேரம் பொறுமையாகக் கேட்டான். "கடைசியாகச் சொன்னது கடலின் ஓசை. நான் பெயரைத்தான் கேட்டேன்" என்றான். அவை சிரித்த சிரிப்பில் புலவர் விழித்துக்கொண்டார். இரண்டாம் கேள்வியும் போயிற்று.

பதினெட்டு ஆண்டு உழைப்பு ஆற்றை நோக்கிப் போவது அவர் கண்ணில் தெரிந்தது. நடந்ததையெல்லாம் சொன்னார். எனக்குத் தூக்கம் கொடு என்று அப்போதும் கேட்கவில்லை; குற்றம் மட்டும் சாட்டினார். அரசன் ஏரிக்கு ஆள் அனுப்பினான்.

தலைமுடியிலிருந்து நீர் சொட்ட அந்த மனிதர் வந்து நின்றார். காவலன், "வலம்புரி என்னும் முத்துக்குளிப்பவர் வந்திருக்கிறார்" என்று அறிவித்தான். பெயர் அதுதானா என்று கண்டனார் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார்.

நீ குறட்டை விடுவது உண்மையா என்று அரசன் விசாரித்தான்.

"தெரியவில்லை அரசே. அந்த நேரத்தில் நான் விழித்திருப்பதில்லை" என்றார் வலம்புரி. பிறகு புலவர் பக்கம் திரும்பி, வருத்தத்தோடு சொன்னார்: "புலவரே, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டேன். ஆறு இரவாகக் கேட்டேன்."

"என்னிடமா கேட்டீர்கள்?"

"வேறு யாரிடம்? உன்னிடமிருந்துதான் கேட்டேன். விடியும்வரை கேட்டேன்."

"அப்படியா? நான் என்ன பதில் சொன்னேன்?"

"அதைத்தானே அப்பா சொல்கிறேன். நிறுத்தாமல் சொன்னாய்."

அவை மறுபடி சிரித்தது. அரசன் கையை உயர்த்தினான்.

"புலவரே, இவன் ஒரு கேட்பதைச் சொல்கிறான். நீர் வேறொரு கேட்பதைச் சொல்கிறீர். இரவில் காதால் கேட்டீர், சரி. பகலில் வாயால் கேட்டீரா?"

சொற்களைப் பதினெட்டு ஆண்டு மேய்த்தவர் கண்டனார். தம் கொட்டிலிலேயே இருந்த ஒரு மாடு தம்மை முட்டியதுபோல் நின்றார்.

வலம்புரி தயங்கித் தயங்கிச் சொன்னார். தமக்குக் கல்யாணமான மூன்றாம் நாளே மனைவி தூங்க முடியவில்லை என்று சொல்லி, ஏதாவது செய்யும்படி கேட்டாள். மல்லாந்து படுத்தால்தான் குறட்டை வருகிறது என்று அவளே கண்டுபிடித்தாள். அன்றிலிருந்து ஒரு சிறு சங்கைத் துணியில் சுற்றி முதுகில் கட்டிக்கொண்டு படுப்பார். மல்லாந்தால் குத்தும், உடனே ஒருக்களித்துக்கொள்வார். அந்தச் சங்கு இங்கேயும் வந்திருக்கிறது. "பையிலேயே கிடக்கிறது அரசே. யாரும் கேட்கவில்லை. இங்கே யாருக்கும் தொல்லை இல்லைபோலும் என்று இருந்துவிட்டேன்."

இந்த நிமிடமே இவன் சங்கைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று அமைச்சர் ஒருவர் ஆணையிடப் பார்த்தார். அரசன் அவரைத் தடுத்தான். அவன் குறும்புக்காரன்.

"ஆணை வேறு விதமாக இருக்கட்டும். வலம்புரி, புலவர் வாய் திறந்து கேட்கும்வரை நீ சங்கைத் தொடாதே. புலவரே, இதுவரை கேட்டது போதும். இனிக் கேளும்."

அவ்வளவுதான், அவை கலைந்தது.

அன்று மாலை கூடத்தில் வலம்புரி பாயில் உட்கார்ந்து, சங்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். சூரியன் ஏரிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கண்டனார் கூடத்தைச் சுற்றி வந்தார். இந்த ஒரு மாலைதான் இருக்கிறது. விடிந்தால் கடைசிக் கேள்வி.

முதல் சுற்றில் வலம்புரியின் முன் நின்று, இன்றைக்குக் காற்று பரவாயில்லை என்றார். ஆமாம் என்றார் வலம்புரி.

இரண்டாம் சுற்றில், சங்குக்குத் தமிழில் பல பெயர்கள் உண்டு என்றார். அப்படியா என்று வியந்தார் வலம்புரி.

மூன்றாம் சுற்றில் வந்து சங்கையே பார்த்துக்கொண்டு நின்றார். குதிரை கேட்ட புலவர்களெல்லாம் எவ்வளவு துணிச்சல்காரர்கள் என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

"வலம்புரி," என்றார். அந்தப் பெயரை அவர் சொன்னது அதுவே முதல் முறை. "எனக்குத் தூக்கம் வேண்டும். இன்றைக்கு அந்தச் சங்கைக் கட்டிக்கொள்கிறாயா?"

"இதைச் சொல்லவா மூன்று சுற்று? முடிச்சு எனக்கு எட்டாது, வீட்டில் மனைவி கட்டிவிடுவாள். இங்கே நீங்களே கட்டிவிடுங்கள்" என்று முதுகைக் காட்டினார் வலம்புரி.

புலவர் கட்டிவிட்டார். அதன்பிறகு அந்தக் கூடத்தில் என்ன நடந்தது என்று சொல்ல ஒன்றுமில்லை. இருவரும் தூங்கினார்கள். பல்லி திரும்பி வந்தது.

மூன்றாம் நாள் அரசன் கடைசிக் கேள்வியைக் கேட்டான்: "உமது நூலில் இல்லாதது எது?"

அந்தக் கேள்வியில் பலர் விழுந்திருக்கிறார்கள். எல்லாம் இருக்கிறது என்று மார்தட்டியவர்களின் நூல்களையெல்லாம் ஆற்று மீன்கள் படித்தன. கண்டனார் தெளிந்த கண்ணோடு சுவடிக்கட்டை அவிழ்த்து, ஓர் ஓலையை உருவினார்.

"கேள் என்ற சொல்லின் ஒரு பொருள், அரசே. அந்தச் சொல்லுக்கு நான் இரண்டு பொருள்தான் எழுதினேன். ஒன்று, காதால் கேட்பது. மற்றொன்று உறவு, சுற்றத்தையும் நட்பையும் கேள் என்று பழைய நூல்கள் சொல்லும். வாயால் கேட்பதும் அதே சொல்தான். அது தெரியாமல் விடவில்லை. இழிவு என்று எண்ணி, தெரிந்தே விட்டேன். நடுவில் இருந்த பொருளை எடுத்துவிட்டதால் முதல் பொருளிலிருந்து கடைசிப் பொருளுக்குப் போக வழியில்லாமல் ஆயிற்று. காதால் கேட்டதை வாயால் கேட்டேன். நேற்றுவரை பகையாக இருந்தவர் இன்று எனக்குக் கேள்."

மூன்று பொருளுக்கும் வேர் ஒன்றுதானா என்று இலக்கணக்காரர்கள் சண்டை போடலாம். போடட்டும், அவர்களுக்கும் பொழுது போக வேண்டுமே. அரசன் சண்டை போடவில்லை. நூல் ஏற்கப்பட்டது என்று சொன்னான்.

கண்டனார் அந்த ஓலையைப் பிடித்தபடியே நின்றார். இடுப்பைத் தடவிப் பார்த்தார். எழுத்தாணியைக் கூடத்திலேயே விட்டு வந்திருந்தார். முன்பெல்லாம் என்றால் ஓடிப்போய் எடுத்து வந்திருப்பார்.

"அரசே, ஓர் எழுத்தாணி கிடைக்குமா?" என்றார்.

அவை சிரிக்கவில்லை. அரசன் தன்னுடையதையே கொடுத்தான். விடுபட்ட பொருளை இரண்டு பொருள்களுக்கும் நடுவில், இருந்த சிறு இடத்தில், நெருக்கி எழுதினார் புலவர்.

மதகு திறந்த அன்று வலம்புரி ஊருக்குப் புறப்பட்டார். கண்டனார் வண்டிவரை வந்து, "நான் கடலைப் பார்த்ததே இல்லை. உங்கள் ஊருக்கு வரலாமா?" என்று கேட்டார். பார்க்காமலா அவ்வளவு பெருமையாக எழுதினீர்கள் என்று வலம்புரி வியந்தார். புலவர் அந்த வெண்பாவைப் பற்றி உண்மையைச் சொல்லிவிட்டார். வலம்புரி வண்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு அதை முழுவதும் சொல்லச் சொல்லிக் கேட்டார். வீட்டுக்காரிக்குச் சொல்ல வேண்டுமாம், அவள் சொல்வதற்கு இப்போது ஒரு சாட்சி கிடைத்துவிட்டதாம்.

இந்தக் கதை சொல்லும் நீதி இதுதான்: பிறரால் வரும் தொல்லையை இரவெல்லாம் காதால் கேட்டுத் தவிப்பதைவிட, பகலில் ஒருமுறை அவரிடமே இனிய சொல்லால் வாய்விட்டுக் கேட்டுவிடுவது நல்லது.